எண்ணெய்க் கை

பாலைக் காய்ச்சினேன். பொங்குவதற்கு முன் இறக்கினேன். இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். காபி குடித்தேன். வாசலில் தண்ணீர் தெளித்தேன். கோலம் போடத் தெரியாது. மாடிக்குப் போய் மலையைப் பார்த்தேன். மேகம் பாதிவரை இறங்கியிருந்தது. அருவியில் தண்ணீர் இருக்கும். ஆடித்தபசுக்கு உள்ளூர் விடுமுறை, கல்லூரி கிடையாது. மனைவி அபர்ணா இறந்த புதிதில் விடுமுறை நாட்கள் நீளமாக இருந்தன. இப்போது அப்படியில்லை. துணி துவைக்கலாம், பருப்பு வேகவைக்கலாம். போதும்.

வாசலில் சமீரின் பைக் சத்தம். கடையநல்லூர்க்காரன், என்னோடு படித்தவன். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். இனித் திரும்பப் போவதில்லை, செங்கோட்டை ரோட்டில் கார் உதிரிபாகக் கடை போடுவது என்று மனைவி ஹஸீபாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்தக் கடைக்கு வைத்திருந்த பணத்தில்தான் துபாய்க் கணக்கு வழியாகப் பல்லேடியம் ஃப்யூச்சர்ஸ், அதாவது முன்பேர ஒப்பந்தம் ஒன்று, வாங்கியிருந்தான். பல்லேடியம் கார் சைலன்சருக்குள் போடுகிற உலோகம். தனக்குத் தெரிந்த சரக்கு என்று நினைத்துவிட்டான்.

"மாப்ள, ஒரு கூத்து நடந்துபோச்சுலே."

"சொல்லு."

"நேத்து அருவிக்கரையில எண்ணெய் தேச்சுட்டு இருந்தேன். விலை இறங்குதேன்னு வித்துரலாம்னு போனை எடுத்தேன். கை வழுக்கி, விக்கதுக்குப் பதிலா வாங்குறத அமுக்கிட்டேன். இப்ப ரெண்டு காண்ட்ராக்ட் கிடக்கு."

"நிச்சயமான்னு ஒருதடவ கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. அதையும் அமுக்கிட்டேன். கண்ணுலயும் எண்ணெய்லே."

சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அவனும் சிரித்தான், பிறகு முகம் சுருங்கியது.

"ஹஸீபாட்ட சொல்லல. பேசாமப் போட்டு வச்சிருவமா? தங்கம் மாதிரிதான. பீரோல கிடந்தா என்னைக்காவது ஏறும்."

சரக்குச் சந்தை பற்றி வகுப்பெடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்த பீரோவைக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் மின்னுகிற எதையும் வாங்கி உள்ளே பூட்டினால் காரியம் முடிந்தது.

"இது நகையில்லலே. தவணைத் தேதி வருமுன்ன வித்து வெளிய வந்தாகணும். அதுக்குள்ள விலை விழுந்தா, இன்னும் பணம் கட்டும்பான். கட்டலைன்னா அவனே வித்துருவான்."

"அப்ப இப்பமே வித்துருதேன். கிடைக்க விலைக்கு."

"இங்க காலைல அந்தச் சந்தையில ஆளே இருக்காது. கிடைக்க விலைக்குன்னா அடிமாட்டு விலைதான். உன் விலையைச் சொல்லி வை. ரொம்பக் கீழ போனா தானா வித்துரும்படி இன்னொன்னும் வை. ஒண்ணு நடந்தா மத்தது ரத்தாகணும்."

"நஷ்டத்துலயா?"

"கடையில ஒரு அலமாரி குறையும். கடை இருக்கும்."

சமீர் எழுந்து உள்ளே போனான். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு முறையும் அமுக்குவதற்கு முன் எனக்குக் காட்டினான். விற்க. இரண்டு. சரி.

"இதையே பாத்துட்டு இருந்தா பைத்தியம் புடிச்சிரும். வித்துட்டா போன் கத்தும். வா, அருவிக்குப் போவோம்" என்றேன்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். எண்ணெய் தேய்க்கும் மாடக்கண்ணுவிடம் சமீர் போனைக் கொடுத்தான். "இன்னைக்கு எண்ணெய் வேண்டாம் அண்ணாச்சி."

"நேத்து உருவிவிட்டதுக்கே துபாய்க்காரரு மூஞ்சி இப்படித் தொங்குது. எண்ணெய்ல குத்தமில்ல, பாத்துக்கிடுங்க."

தண்ணீர் தலையில் விழுந்தது. அதன் கீழே எதையும் நினைக்க முடியாது. அதற்காகவே இந்த சீசனில் பலமுறை வந்திருக்கிறேன். இன்று குளிக்கத்தான் வந்தேன் என்று தோன்றியது. குளிர்ச்சியாக இருந்தது. நன்றாக இருந்தது.

"துபாய்க்காரரே! போன் கத்துது!"

சமீர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். பின்னாலேயே போய், போனைத் தொடப்போன அவன் கையைப் பிடித்தேன். தலையிலிருந்து திரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை. கரையில் வைத்திருந்த துண்டை எடுத்து அவன் தலையில் போட்டேன். போன் மறுபடி கத்தியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு துவட்டினான்.

அபர்ணா கடைசியாக என்ன சொன்னாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னதில்லை. மருந்துக் கடையிலிருந்து மழையில் ஓடிவந்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல தலையத் துவட்டுங்க. சொட்டுது பாருங்க."