தட்டுக்கு அரைத் தட்டு முன்னே

அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவர் அக்காவின் கணவர்தான். கூப்பிடச் சுருக்கமாக முந்திரி. அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்வாள், லிஃப்ட் நிற்பதற்குள் கதவை இடித்துக்கொண்டு நிற்பாள். அதையெல்லாம் மாமா பொறுத்துக்கொண்டார். பேஸ் கிடாரிலும் முந்தினாள் பாருங்கள், அதைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. அவர்கள் மூவரின் பாட்டுக் குழுவில் அவர் டிரம்ஸ், அக்கா பாட்டு. அவருடைய தட்டு விழுவதற்கு அரைத் தட்டு முன்னாலேயே இவளுடைய தடித்த கம்பி 'தும்' என்று முனகிவிடும்.

அன்று மாலை, செருப்புக் கடைக்கு மேலிருந்த நடனக் கூடத்தில் அவர்களுக்குச் சோதனை. வாரா வாரம் ஆட வருபவர்களுக்கு ஆள் வைத்து வாசிக்கச் சொல்லலாமா, ஸ்பீக்கரே போதுமா என்று டான்ஸ் டீச்சர் முடிவு செய்ய வேண்டும். படியேறும்போதே மாமா சொல்லிவிட்டார்.

"இங்க பாரு முந்திரி, இன்னிக்கு ஒரே ஒரு தடவை முந்தினாலும் நாளையிலேர்ந்து பேஸுக்கு வேற ஆள். உங்க அக்கா அழுதாலும் சரி."

அந்தக் கிடாரை விட்டால் அவளுக்கு உருப்படியாகப் பிடித்த காரியம் உலகத்தில் வேறு இல்லை.

முதல் பாட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அடக்கினாள். தட்டு விழுந்த பிறகே கம்பியைத் தொட்டாள். ஒரு பிசகு இல்லை. மாமா முகம் மலர்ந்தது; ஆடுகிறவர்கள் முகம்தான் மலரவில்லை. பல் டாக்டரும் அவர் மனைவியும் குனிந்து தங்கள் பாதங்களையே பார்த்தபடி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு தரையை மிதித்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர் பாதியிலேயே தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். டீச்சரின் கண் ஸ்பீக்கர் பக்கம் போனது. இப்படியே போனால் நல்ல பிள்ளை என்ற பெயரோடு மூன்று பேரும் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இரண்டாவது பாட்டில் டாக்டர் வலது காலைத் தூக்குவதை முந்திரி கவனித்தாள். ஊன்றும்போது தட்டு இருந்தது. தூக்கும்போது ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. வந்தது வரட்டும் என்று அந்த இடத்தில் கம்பியைச் சுண்டினாள். தட்டு விழுகிற இடத்தில் சும்மா இருந்தாள். மறுபடி சுண்டினாள். இத்தனை நாள் தெரியாமல் முந்தியவள், முதல்முறையாகத் தெரிந்தே முந்தினாள்.

டாக்டரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் இடுப்பு தானாக ஒரு வெட்டு வெட்டியது. அவளே எதிர்பார்க்கவில்லை, சிரித்துவிட்டாள்.

மாமாவோ, இவள் தாளத்தை விட்டு ஓடிவிட்டாள் என்று நினைத்துப் பிடிக்கப் பாய்ந்தார். அவர் வேகமெடுக்க, இவள் அவரையும் முந்த, அக்காவுக்கு மூச்சு வாங்க, பாட்டு படியில் உருண்ட பாத்திரம் போலச் சத்தம் போட்டு நின்றது.

"போச்சா?" என்றார் மாமா. கோபத்தைவிடத் துக்கம்தான் குரலில் அதிகம்.

"நான் ஓடல மாமா. நீங்க துரத்தாதீங்க. உங்க இடத்துலயே இருங்க. நீங்க அசையாம இருந்தாத்தான் நான் முந்த முடியும்."

"அதெப்படி..."

"ஒரு தடவை அவ சொல்றதைக் கேட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் அக்கா. "அந்தம்மா சிரிச்சாங்க, நான் பார்த்தேன்."

மாமா மறுபடி ஆரம்பித்தார். முந்திரி முந்தினாள். அவருடைய தோள் அவளைத் துரத்தத் துடித்தது, ஆனால் குச்சி தன் இடத்தை விடவில்லை. இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கால்கள் புகுந்துகொண்டன. டாக்டர் எண்ணுவதை மறந்தார். பஸ் டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார். டீச்சர், "அடுத்த வாரமும் வந்துடுங்க," என்று கத்திக்கொண்டே ஆடுகிறவர்களோடு கலந்துவிட்டார். முந்திரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பாட்டு முடிந்ததும் மாமா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்பாடா! ஒரே இடத்துல நிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா. முதல் பாட்டு முழுக்க நின்னேனே."

மாமா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த பாட்டை நீ ஆரம்பி," என்றார். "நான் வந்து சேர்ந்துக்கறேன்."