நாலு நாள் அழக் கூடாது

தங்கச்சி அபிராமி இறந்த நாளிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பார்க்கவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாள். பார்வை தட்டோடு நின்றுவிடும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பாவிடம்தான் சொல்வாள். குடத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்பாள். நான் குடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தங்கச்சிக்கு வியாழக்கிழமையே காய்ச்சல் வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு நாள் படுத்துக்கொள்கிறேன் அக்கா என்று கேட்டாள். கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர். என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, நான் தைத்துத் தள்ளும் பனியனை வாங்கி மடித்து அடுக்குகிற கைமடி வேலை அவளுக்கு. ஷிப்மென்ட் நேரம். கைமடி வராவிட்டால் டெய்லரும் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சூப்பர்வைசர் முந்தின நாள்தான் கத்தியிருந்தான். ஒரு மாத்திரையைக் கொடுத்து, நானே தலை வாரிவிட்டு, கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமையும் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமை மத்தியானம் துணிக்கட்டின் மேல் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. பதினாறு வயது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நீதான கூட்டிட்டுப் போன."

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

வீட்டில் அபிராமியின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அப்பா ராக்கையாவின் முகம் ரேஷன் கார்டில் இருக்கிறது, என் முகம் கம்பெனி அட்டையில் இருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு வயது போதாதென்று கம்பெனி அட்டையும் தரவில்லை, பெயரையும் எழுதவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிற நாளில் அவளை மாதிரிப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். அவளும் லீவு கிடைத்ததென்று சிரித்துக்கொண்டே போவாள். அஞ்சாம் வகுப்பு குரூப் போட்டோ ஒன்றில் இருக்கிறாள். அதில் அவள் முகம் மிளகு அளவு.

அதனால் உடலை எடுப்பதற்கு முன்னால் அப்பா ஓடிப்போய், அவிநாசிபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வெள்ளியங்கிரி அண்ணனைக் கூட்டிவந்தார். தங்கச்சியைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் பெரிய பிரின்ட் வந்தது. மூக்கிலிருந்த பஞ்சையும் தாடைக்கட்டையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, பின்னால் நீல வானத்தை வைத்திருந்தார். கண் மட்டும் மூடியிருந்தது. அம்மா அதை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தரையில் குப்புறக் கவிழ்த்துவிட்டாள்.

"தூங்குற பிள்ளைக்கு எவளாச்சும் மாலை போடுவாளா?"

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். அதற்குள் என் பிள்ளை கண்ணைத் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனாலும் நான் அதை எனக்கிட்ட வேலையாக எடுத்துக்கொண்டேன். இதை மட்டும் செய்துகொடுத்தால் அம்மா என்னை ஏறிட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அந்த நப்பாசை இல்லையென்றால் நானும் அந்த வாரமே ஏதாவது செய்துகொண்டிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனேன். வெள்ளியங்கிரி அண்ணன் கம்ப்யூட்டரில் தங்கச்சி முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இருப்பதை அழிப்பது சுலபமாம், இல்லாததைக் கொண்டுவருவதுதான் கஷ்டமாம். யாருடைய கண்ணையாவது எடுத்து ஒட்டினால் முகம் வேறு ஆளாகிவிடும். கூடப்பிறந்தவர்கள் கண்ணென்றால் பொருந்திவரும். அப்படிச் சொல்லிக்கொண்டே என் முகத்தைக் கூர்ந்து பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"இந்தக் கண்ணு ஆகாதுங்க அம்மிணி. வீங்கிக் கெடக்குது, செவந்து கெடக்குது. நாலு நாளைக்கு அழுவாம இருங்க. வெள்ளிக்கெழம வாங்க, எடுத்துப்போடலாம்."

நன்றாகத் தூங்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வெள்ளரிக்காயை நறுக்கிக் கண்மேல் வைக்க வேண்டும். கல்யாணப் பெண்களுக்கும் இதையேதான் சொல்வாராம். நல்ல மனுஷன், மனசறிந்து கேலி செய்யவில்லை. கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்றார். உயிரோடு இருக்கிற ஆளின் கண்ணுக்கு மாலை போடுவதென்றால் பெரியவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்றார்.

நானும் சொல்லவில்லை. அம்மா வேண்டாமென்று தடுத்துவிடுவாளோ என்று பயந்து இல்லை. பரவாயில்லை, போடட்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அதைக் காதால் கேட்டுவிட்டு அந்த வீட்டில் இருக்க முடியாது.

நாலு நாள் அழாமலிருப்பது பெரிய காரியமா என்று தோன்றும். இழவு வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். அங்கே நடக்கிற ஒரே வேலை அதுதான். செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து பெரியம்மா வந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒத்தைக் கையாக நின்றுபோனாயே என்று கதறினாள். நான் மனதுக்குள் ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்பதேழு அறுபத்துமூன்று வரை வந்தபோது பெரியம்மா கையை எடுத்துவிட்டாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களைத் திரும்பிப் பார்த்து, கல்லு மாதிரி நிக்குதே என்றாள்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். திரும்பவில்லை.

"அது எப்பவுமே கல்லுதான்க்கா."

என்னை அவள் 'அது' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. உள்ளே போய்க் கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் எடுத்து மடித்தேன், பிரித்துவிட்டு மறுபடியும் மடித்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. உங்கள் பிள்ளைக்குக் கண் செய்துகொண்டிருக்கிறேன், அழுதால் அது கெட்டுப்போகும் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள், அதுவும் சரிதான்.

புதன்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் கம்பெனிக்குப் போனேன். என் மிஷின் பக்கத்தில் புதுக் கைமடியை நிறுத்தியிருந்தார்கள். பதினாலு வயதுகூட இருக்காது. அபிராமி கழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து வைப்பாள். இந்தப் பிள்ளை தலைகீழாக அடுக்கியது. ஒரு கட்டு முடியும்வரை தாக்குப்பிடித்தேன். அப்புறம் பாத்ரூமுக்கு ஓடி, குழாயைத் திறந்து கண்ணை அகல விழித்துத் தண்ணீரில் காட்டினேன். எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டன. போச்சே, இரண்டு நாள் கஷ்டம் வீணாகப் போச்சே என்று கண்ணை இறுக மூடி மூடித் திறந்து பார்த்தேன். தங்கச்சி போனதற்கு அழ வந்தவள், கண் கெட்டுப்போனதற்கு அழுதுவிடக் கூடாதே என்று அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு பிறவி எங்கேயும் இருக்காது.

வியாழக்கிழமை அப்பா வெள்ளரிக்காயைப் பார்த்துவிட்டார். நான் அதை நறுக்கிக் கண்ணில் வைத்துப் படுத்திருந்தேன். அவர் என்னவென்று கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை புறப்படும்போது மை வைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. அபிராமி மை இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். அவளுடைய மை டப்பாவைத் திறந்தேன். நடுவில் அவள் சுண்டுவிரல் தோண்டிய குழி அப்படியே இருந்தது. என் விரலை அதில் வைக்கப் பயமாக இருந்தது. ஓரத்திலிருந்து துளி எடுத்து இழுத்துக்கொண்டேன். கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. வீக்கம் வடிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் போய்ப் பன்னிரண்டு நாளில் இவ்வளவு நல்ல கண்.

ஸ்டுடியோவில் வெள்ளியங்கிரி அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். சொன்னபடி இருந்திருக்கிறீர்களே என்றார். தங்கச்சி படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் சுவரில் சாய்ந்திருந்த அதே சாய்வில் என்னை உட்காரவைத்தார். தலை இடது பக்கம் கொஞ்சம் சரிய வேண்டும், தாடை தூக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு வெளிச்சம் கதவுப் பக்கமிருந்து வந்ததால் விளக்கையும் அந்தப் பக்கமே திருப்பினார். என் தோளைத் தொடாமல் கையாலேயே காட்டிக் காட்டிச் சரிசெய்தார். பிணம் எப்படி உட்காரும் என்று அந்த ஸ்டூலில்தான் கற்றுக்கொண்டேன். கண் மட்டும் உயிரோடு இருக்க வேண்டும், மற்றதெல்லாம் செத்திருக்க வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இல்லை.

இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தும் அவருக்குத் திருப்தியில்லை. பார்வை வெறித்துக் கிடக்கிறது என்றார்.

"நல்லதா ஏதாச்சும் ஒண்ண நெனச்சுக்குங்க அம்மிணி."

யோசித்தேன். கேமராவுக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய நல்லது அது ஒன்றுதான். விளக்கு மின்னியது. இதுதாங்க, இதுதாங்க என்றார். கேமராவை மூடிவைத்துவிட்டு, இனிமேல் அழுதுகொள்ளலாம் என்று பரிவாகவே சொன்னார். பஸ் ஸ்டாப்பில் நின்று அழப் பார்த்தேன். வரவில்லை.

பதினாறாம் நாள் காலையில் அப்பா போய்ப் படத்தை வாங்கிவந்தார். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, உறையோடு இருந்தது. உறையைப் பிரித்ததும் பெரியம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அது அபிராமியேதான். முழுசாக விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே ஒரு நொடி மறந்துவிட்டது. உயிரோட உக்காந்திருக்காளே என்று யாரோ சொன்னார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அப்பா மட்டும் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் ஆணி அடிக்கப் போய்விட்டார்.

மாலை போட்டு, விளக்கேற்றி, படையல் வைத்த பிறகு அம்மா வந்தாள். நான் படத்துக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றேன். பார்க்கட்டும் என்றுதான் நின்றேன். சட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே அந்தக் கண் இரண்டையும் கட்டைவிரலால் தடவினாள்.

"ஏன்டி இப்பிடிக் கெஞ்சுற மாதிரிப் பாக்குற? அம்மா ஒன்னய என்னைக்காச்சும் வேண்டாம்னு சொல்லிருக்கனா?"

கூட்டம் விம்மியது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. மறுபடியும் அந்தக் கண்ணையே தடவிக்கொண்டு, ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"ஒன் மேல ஒரு குத்தமும் இல்லத்தா. சின்னப் பிள்ள, நீ என்ன செய்வ."

பதினாறு நாளாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. நாலு நாள் அடக்கிவைத்ததும் அதற்கு முந்தினதும் எல்லாம் சேர்ந்து அப்போதுதான் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்து, அம்மா என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன்.

அவள் படத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"வெளிச்சத்த மறைக்குது," என்று அப்பாவிடம் சொன்னாள். "தள்ளி நிக்கச் சொல்லுங்க."

நான் தள்ளி நின்றேன்.