சப்பாத்து மண்

பஞ்சை நனைத்து உதட்டில் பிழிந்தாள் சந்திரமதி. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கடைவாயால் வழிந்து தலையணையை நனைத்தது. அவள் பராமரித்துவந்த, நூறு வயதை நெருங்கிய லோர்ட் டன்மாராவின் தொண்டை மட்டும் கறகறத்துக்கொண்டிருந்தது. இன்றோடு பதினொரு நாள். "இண்டைக்கு முடிஞ்சிடும்" என்று டொக்டர் மூன்று தரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அயர்லாந்திலிருந்த மருமகனோ எல்லாம் முடிந்த பிறகு அறிவித்தால் போதும் என்றுவிட்டான்.

ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் உணவகத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் எட்டிப்பார்க்க வந்த அவள் புருஷன் நகுலேஸ்வரன், அறை வாசலிலேயே நின்றான்.

"இது மண்ணாசை, சந்திரா. அவரின்ர காணி மண்ணைக் கரைச்சுப் பருக்கினால்தான் சீவன் போகும்."

"அயர்லாந்து மண்ணுக்கு இந்தச் சிசிலியில எங்கை போறது?"

"பெட்டிக்குள்ளை அந்தப் பழைய சப்பாத்து கிடக்கெல்லோ? அடியிலை காய்ஞ்சு கிடக்கிறது அவரின்ர மண்தானே. சுரண்டி எடும்."

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, அந்தக் குதிரைச் சவாரிச் சப்பாத்துகளைத் துடைக்கப் போனாள். "நொன் தொக்காரே!" தொடாதே என்று கிழவர் கத்திய கத்தலில் கையிலிருந்த துணி விழுந்தது. ஒருகாலத்தில் அவருக்கு ஆறாயிரம் ஏக்கர். லண்டன் பிரபுக்கள் சபையில் ஆசனம். மாளிகையைச் சனம் கொளுத்தியது. காணியை அரசாங்கம் பிரித்துக் கொடுத்தது. சிசிலிக்கு வந்தபோது மிஞ்சியது அந்தச் சப்பாத்து அடிகளில் ஒட்டியிருந்த மண்தான்.

போன ஐப்பசியில், ஆமி நெருங்க, யாழ்ப்பாணமே வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டு மழைக்குள் நடந்தது. கைக்குழந்தையோடு அக்காவும் நடந்தாள் என்று சேதி வந்த கிழமை, கிழவர் சூப்பைக் குடித்தபடி ஒரு கதை சொன்னார். குத்தகையைக் கூட்டியதற்கு எதிர்த்துக் கதைத்த பதினொரு குடும்பங்களை ஒரு மழைநாளில் தெருவில் விட்டாராம். திரும்பி வந்துவிடுவார்கள் என்று கூரைகளையும் பிரித்துப் போட்டாராம். "எல்லாம் சட்டப்படிதான்" என்றார், வாய் கூசாமல்.

மறுநாள் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சப்பாத்துகளை எடுத்தாள். கத்தியால் சுரண்டி, தேய்த்து, ஒரு துகள் விடாமல் கழுவினாள். உன்ர மண்ணும் போகட்டும்!

எழும்பிப் பார்த்த கிழவர் கத்தவில்லை. பளபளத்த சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு பொழுதுபடும்வரை இருந்தார். அதற்குப் பிறகு அவர் கட்டிலைவிட்டு அதிகம் இறங்கவேயில்லை. பாவி, என்ன காரியம் செய்தேன் என்று அவள் அன்றிலிருந்து தனக்குள் வெந்தாள். புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை.

"என்ன யோசிக்கிறீர்? கெதியாப் போம்."

அவள் பெட்டியைத் திறக்கவில்லை. பால்கனிக்குப் போய்ப் பூச்சாடியில் ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். கரைத்துக் கரண்டியில் கொண்டுவந்தாள்.

"உங்கள் மண், சின்யோரே" என்று இத்தாலியனில் சொன்னாள்.

கிழவரின் நாக்கு அசைந்தது. மண்தண்ணீரை வெளியே தள்ளியது. கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. "நான்தான் கழுவினனான்" என்றாள் தமிழில். "கோவத்திலை செய்துபோட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா."

கறகறப்பு நின்றது. கண் மூடவில்லை, அவள்தான் மூடிவிட்டாள்.

நகுலேஸ்வரன் அவளைப் பார்த்தான். "பஸ் போயிட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, டொக்டருக்கு அறிவிக்கத் தொலைபேசியை எடுத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் சவப்பெட்டிக்காரர்கள் வந்து உடலுக்குக் கோட்டுப் போட்டார்கள். சப்பாத்து எங்கே என்று கேட்டார்கள். சந்திரமதி சவாரிச் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சாடி மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, இரண்டு அடிகளிலும் அப்பி அழுத்தினாள். கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

பெட்டிக்காரர்களில் மீசை வைத்தவன் முகத்தைச் சுளித்தான். "ஊத்தை, சின்யோரா." கைலேஞ்சியை எடுத்துத் துடைக்கக் குனிந்தான்.

"நொன் தொக்காரே!"

அவள் கத்திய கத்தலில் கைலேஞ்சி விழுந்தது.

அவர்கள் மூடியைத் தூக்கினார்கள். அடிகளில் மண் இன்னும் காயவில்லை.