மொறிஸ் மைனருக்குப் போட்ட போர்வை

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பரராசசிங்கம் முதல் வேலையாக ஒரு கார் வாங்கினார். ஐம்பத்துநாலாம் ஆண்டு மொறிஸ் மைனர், சாம்பல் நிறம். இருபத்துமூன்று வருடங்கள் அவர் தூரத்தில் அணைக்கட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். மனைவி மீனலோசனி அந்தக் காலம் முழுவதும் புங்குடுதீவு மடத்துவெளியிலேயே இருந்து பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். மாதம் ஒருமுறை இரண்டு நாள் லீவில் வருவார். வந்த களை தீர முன்னமே பெட்டியைத் திரும்ப அடுக்க வேண்டியிருக்கும். இனி அப்படியில்லை. சனிக்கிழமைகளில் இருவரும் காரில் யாழ்ப்பாணம் போவது, வழியெல்லாம் கதைத்துக்கொண்டு போவது என்று அவர் நினைத்திருந்தார்.

கார் அதற்கு இடம் தரவில்லை. உப்புக்காற்றில் தரைத்தகடு அங்கங்கே அரித்திருந்தது. மீனலோசனியின் காலடியில் இருந்த ஓட்டையால் ரோட்டு ஓடுவது தெரிந்தது. எஞ்சின் இரைச்சல், கதவுகளின் கடகடப்பு, சில்லில் கல் தெறிக்கும் சத்தம் எல்லாம் உள்ளே வந்தன.

"பின்வளவு வேலி அடைக்க ஆள் சொல்லவேணும்," என்பாள் மீனலோசனி.

"ஆ?"

"வேலி!"

"புளியோ? ஓம், சந்தையில வாங்குவம்."

வேலணை வருமுன்பே அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். பிறகு பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மௌனம்தான் அவரைச் சுட்டது.

"இதுக்கு ஒரு வழி பண்ணிறன் பாரும்," என்றார்.

வேலணையில் கார்களுக்குக் குஷன் வேலை செய்யும் ஏரம்பு வந்து பார்த்தார். பழைய கம்பளத்தை இழுத்ததும் அது கையோடு பிய்ந்து வந்தது. அடியில் இருந்த மெத்தை ஊறி, உக்கி, கடற்கரைச் சேறு போல மணத்தது. ஒரு சிரட்டை அளவு மணலும், யாரோ ஒரு பெண்பிள்ளையின் தலைக் கிளிப்பும் கிடந்தன.

"புதுக் காப்பெற்றுக்கு எங்க போறது ஐயா? அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான் வாறதை நிப்பாட்டினாப் பிறகு கடையளில ஒண்டும் இல்லை. உள்ளதை வைச்சுத்தான் செய்யவேணும்."

தரை ஓட்டைகளுக்குத் தகரம் வைத்து ஒட்டுவித்த பிறகு, முற்றத்துப் பூவரச நிழலில் வேலை தொடங்கியது. தாரைக் காய்ச்சித் தரையில் பூசி, அது ஆற முன் சாக்கை விரித்து அழுத்தினார்கள். அதன் மேல், இரண்டு சாக்குகளுக்கு நடுவே தேங்காய் நார்த்தும்பை வைத்துத் தைத்த மெத்தை. பழைய சைக்கிள் ரியூப்களை நீளமாகக் கிழித்துக் கதவுகளின் உட்பக்கத்தில் ஒட்டினார்கள். தகடு அதிராவிட்டால் சத்தமும் வராது என்பது ஏரம்புவின் கணக்கு.

மேலே விரிக்கத்தான் ஒன்றும் இல்லை. மீனலோசனி அலுமாரியைத் திறந்து பச்சைக் கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்து வந்தாள். கலியாணமான வருடம் பரராசசிங்கம் நுவரெலியாவில் வாங்கி வந்தது.

"அது நான் உமக்கெண்டு வாங்கினதல்லே!"

"இந்த வெக்கையில இதைப் போர்த்தா நான் அவிஞ்செல்லே போவன்? இருபது வருசமா பூச்சிக்குப் பயந்து வெயிலில போட்டெடுத்ததுதான் மிச்சம். வெட்டுங்கோ."

அவர் பேப்பரில் அளவு வெட்டினார். கியர்க் கம்பிக்கு விட்ட துளை ஒரு சாண் தள்ளிப் போயிற்று. அவள் சிரித்துவிட்டு, சட்டைத்துணி வெட்டுவது போலப் பேப்பரை இரண்டாக மடித்து, தானே அளவு எடுத்தாள். விளிம்பெல்லாம் றெக்சின் பட்டி வைத்துத் தைத்ததும் அவளுடைய மெசினில்தான். ஐந்து நாளில் வேலை முடிந்தது. பரராசசிங்கம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் காரில் ஏறினார்.

ஏரம்புவை வேலணையில் இறக்கிவிடப் போன பயணமே பரீட்சை ஓட்டம். ஏரம்பு பின்னால் இருந்தார். கார் வேலணைக்குப் போகும் கடற்பாலத்தில் ஏறியது. கதவுகள் வாய் திறக்கவில்லை. மீனலோசனிக்குத் தன் காப்புகள் உரசும் சத்தமே கேட்டது. அவள் கணவன் பக்கம் திரும்பி, வீட்டுக்குள் பேசும் குரலில் சொன்னாள்:

"நல்லாச் செய்திருக்கிறியள். எனக்குச் சரியான சந்தோசம்."

அவர் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். சற்றுப் பொறுத்து, "என்ன அமைதி பாத்தீரே? இனி நீர் தாராளமாக் கதைக்கலாம்," என்றார்.

பின்னால் இருந்த ஏரம்புவுக்கு அவள் சொன்னது கேட்டிருந்தது. அவர் மீனலோசனியைப் பார்த்தார். அவள் தலையை மெல்ல அசைத்து, பேசவேண்டாம் என்று காட்டினாள்.

ஏரம்புவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அவர் எப்போதும் தன் இடப்பக்கம் சுவரோடு இருக்கும்படிதான் கதிரையை இழுத்துப் போடுவார். கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்புவார். மாதத்துக்கு இரண்டு நாள் பார்த்த மனிசனில் இதை யார் கவனித்தார்கள்?

பாலத்துக்குக் கிட்ட வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ," என்று கையையும் காட்டினாள். இறங்கி, பின்கதவைத் திறந்து, அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஏறினாள். அவர் காரை வெளிக்கிடுத்தியதும், வலப்பக்கத் தோளருகே குனிந்து, அதே குரலில் அதையே சொன்னாள்.

"எனக்கும் சந்தோசம்தான்," என்றார் அவர் உடனே. "ஏன் அதை முன்னால இருந்து சொல்லக்கூடாதே?"

"சொன்னனான்."

"எப்ப?"

"போகேக்கை. ஏரம்பு அண்ணைக்கும் கேட்டது."

காரை ஓரமாக நிறுத்தினார். இடது காதைக் கையால் பொத்தினார், எடுத்தார், திரும்பப் பொத்தினார். ஒரு வித்தியாசமும் இல்லை.

"அப்ப கார் இல்லை. நான்தான்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு வேலையும் வீண்."

"வீணெண்டு ஆர் சொன்னது? இந்தச் சத்தம் நிண்டபடியாலதானே பிழை எங்கயெண்டு பிடிபட்டது."

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் காது டொக்டரிடம் போனார்கள். இடது காது கேளாமல் போனது கல்லுக்கு வெடி வைக்கும் இடங்களில் நின்றதால் வந்தது, இனி ஒன்றும் செய்ய ஏலாது, மற்றக் காது நல்லாயிருக்கிறது என்றார் டொக்டர். வெளியே வந்து பரராசசிங்கம் காரைத் திறந்தார். மீனலோசனி பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுடைய இடம் அதுதான். ரீச்சருக்கும் ஓவசியருக்கும் கோபம், அதுதான் பின்னால் இருக்கிறா என்று ஊரில் கதை வந்தது. ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"நான் இப்ப அவவின்ர கார் றைவர்," என்றார் பரராசசிங்கம்.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது, அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் குசினிக் கூரையைத் தான் கயிறு போட்டுக் கட்டிய கதையை அவள் தொடங்கினாள். கடிதத்தில் இரண்டு வரியாக மட்டும் எழுதியிருந்த கதை. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் அது முடியவில்லை. அவர் இறங்கவில்லை, அவளும் இறங்கவில்லை. பக்கத்து வளவு நாகபூசணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"என்ன ரீச்சர், கதவு இறுகிப் போச்சே?"