பன்னிக்குக் கட்டின கயிறு

சண்முகவள்ளி அஞ்சு லிட்டர் கேனைக் கையில புடிச்சுக்கிட்டு கூக்கால் ஏரிக்கரை ரோட்டோரமா நின்னா. பிரதீப்பு ஜீப்பு வர்ற நேரம். பிரதீப்பு வேற யாருமில்ல, அவ வீட்டுக்காரர் காசிநாதனோட அக்கா மகன்தான். தினமும் கூக்கால்ல இருந்து பெருமாள்மலைக்கு ஆளையும் காய்கறி மூட்டையையும் ஏத்திக்கிட்டுப் போவான். பஸ்ஸு வந்தா உண்டு, வராட்டி இல்ல. அதனால ஊருக்கே அவன் ஜீப்புதான்.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஜீப்புக்கு ஆயில் மாத்துவான். எறக்கின பழைய ஆயிலை அத்தைக்குக் கொண்டாந்து குடுத்துருவான். வள்ளி அதுல சாக்குக் கயித்தைத் தோய்ச்சு கேரட்டுக் காட்டைச் சுத்திக் கட்டுவா. அந்த வாடைக்குக் காட்டுப்பன்னி கிட்ட அண்டாது. மழை பேஞ்சா வாடை போயிரும், திரும்பவும் தோய்க்கணும். மூணு வருசமா அவளுக்கு இதே பழக்கம்.

ஜீப்பு வந்து நின்னுச்சு. பின்னாடி ஏழெட்டுப் பேரு.

"எங்கலே ஆயிலு?"

"மாத்தல அத்தை."

"ஏன், மறந்துட்டியா?"

"இது புது மாதிரி ஆயிலு அத்தை. சிந்தெடிக்குனு பேரு. பெருமாள்மலை நல்லசாமி அண்ணன் ஒர்க்‌ஷாப்புல போட்டுவிட்டாரு. முன்ன மாதிரி அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துற சோலி இல்ல. பன்னெண்டாயிரம் வரைக்கும் தாங்கும்."

"பானட்டைத் தெற, பாப்போம்."

அவனும் சிரிச்சுக்கிட்டே தெறந்தான். ஆயில் பாக்குற கம்பியை உருவி வெரல்ல தடவிப் பாத்தா வள்ளி. "ஏலே, இங்க பாரு, தாரு மாதிரி கெடக்கு. இதப் போயி நல்லாருக்குங்குற."

"கருத்துட்டா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல அத்தை. இஞ்சினுக்குள்ள இருக்குற கரியை அது வாங்கி வச்சுக்கிருது, அதான் கருப்பு."

"அப்ப என் காட்டுப் பன்னிக்கு யாரு பதில் சொல்றது, ஒங்க மெக்கானிக்கா?"

பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தர், "அந்தம்மாவுக்கு இஞ்சினையே கழட்டிக் குடுத்துருப்பா, எங்களுக்கு நேரமாச்சு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

"இனிமே மாத்தினாலும் கெடைக்காது அத்தை. நல்லசாமி அண்ணன் ஒரு சொட்டு வெளிய விடாம பேரல்ல சேத்து வைக்கிறாரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா திண்டுக்கல்ல இருந்து வண்டி வந்து எடுத்துட்டுப் போகுது. சுத்தம் பண்ணி மறுபடியும் ஆயிலாவே ஆக்குறாங்களாம்."

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. எதுக்கு இவ்வளவு பெரிய கதை?"

வெறுங்கேனோட வீட்டுக்குப் போனா. போன தடவை வாங்குனதுல அரைக் கேன் மிச்சம் இருந்துச்சு. அதையும் வழிச்சு ஊத்தி, ஓடைக்கரையில கட்டின கயித்துல நல்லா தோய்ச்சு விட்டா. இந்த வருசம் பன்னி மேற்கால ஓடை வழியா எறங்குனதுனால, ஓடையோரம் முழுக்கக் கயிறு கட்டி, தண்ணிக்குக் குறுக்காலயும் ஒரு வரிசை இழுத்து விட்டிருந்தா. காசிநாதன் பாத்துட்டு, "பன்னிக்கு இவ்வளவு மரியாதை பண்ற, எனக்கு ஒருநாளு இப்படித் தோரணம் கட்டினியா?"ன்னாரு.

"நீங்களும் காட்டுக்குள்ள பூந்து கேரட்டைத் தோண்டுங்க, கட்டுறேன்."

ரெண்டு நாள் நல்ல மழை. மூணாவது நாள் வெள்ளனே காட்டுல முன்னாடி வெதச்ச மூணுல ஒரு பங்கு கேரட்டைப் பறிச்சாங்க. ஓடையில இருந்து வாய்க்கா வெட்டி விட்ட குழியில போட்டு, எப்பவும் போல மிதிச்சுக் கழுவி, பதினெட்டு மூட்டை புடிச்சாங்க. பிரதீப்பு பெருமாள்மலை வரைக்கும் கொண்டுபோயி ஒட்டன்சத்திரம் லாரியில ஏத்தி விட்டான்.

மறுநாள் மண்டிக்காரர் தண்டாயுதபாணி போன் பண்ணினாரு. செல்போன்ல பேச்சு வெளங்கணும்னா ஏரிக்கரை மேட்டுக்கு ஏறணும். வள்ளி ஓடிப்போயி நின்னு கேட்டா.

"ஏம்மா, கேரட்டை டீசல்லயா கழுவுனீங்க?"

"என்னங்க சொல்றீங்க?"

"மூட்டையை அவுத்ததும் குப்புனு வாடை. வந்த யாவாரி ஒருத்தன்கூட எடுக்கல. மாட்டுக்காரன் ஒருத்தன் சும்மா அள்ளிட்டுப் போனான், மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிருச்சாம்."

"ஒரு மூட்டைகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. பத்து வருசமா கேரட்டு அனுப்புறீங்க, அதனால பொறுமையாச் சொல்றேன். அடுத்த லோடும் இப்படி வந்துச்சுன்னா இனிமே நம்ம மண்டிக்கு ஏத்திவிட வேண்டாம். ஒங்க மூட்டை பக்கத்துல கெடந்த மத்தவங்க மூட்டைக்கும் சேத்துப் பேச்சு வாங்குனேன்."

இன்னும் ரெண்டு பங்கு கேரட்டு மண்ணுக்குள்ள கெடக்கு. அது பெருத்து வர இன்னும் பத்து பன்னெண்டு நாள் ஆகும். இவரு வேண்டாம்னா வேற மண்டிக்கும் இந்தப் பேரு போயிச் சேந்துரும்.

அவளுக்கு ஒடனே ஒண்ணுதான் தோணுச்சு. அந்தப் புது ஆயிலு. ஜீப்புல ஒழுகி மூட்டையில எறங்கியிருக்கு. அடுத்த ஜீப்புலயே பெருமாள்மலைக்குப் போயி எறங்கினா. அதுவும் பிரதீப்பு ஜீப்புதான், ஆனா வழி நெடுக அவன்கூட ஒரு வார்த்தை பேசல. ஒர்க்‌ஷாப்புல நல்லசாமி ஒரு வேனுக்கு அடியில படுத்திருந்தாரு.

"வெளிய வாங்க. என்னா எழவு ஆயிலை ஊத்தினீங்க? பதினெட்டு மூட்டை கேரட்டு நாறிப் போச்சு."

டீ குடிக்க நின்ன டிரைவருக எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நல்லசாமி எந்திரிச்சு கையைத் தொடச்சுக்கிட்டு, பிரதீப்பு ஜீப்புக்கு அடியில ஒரு அட்டையைப் போட்டாரு. அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டாரு. அட்டையை எடுத்து அவகிட்ட நீட்டினாரு. ஒரு பொட்டுகூட இல்ல.

"மூட்டை வச்ச எடத்தையும் மோந்து பாருங்க தாயி" ன்னாரு.

மோந்து பாத்தா. மண்ணு வாசமும் பூண்டு வாசமும்தான் இருந்துச்சு. அப்பவும் விட்டுக்குடுக்கல. "நேத்து ஒழுகியிருக்கும், இன்னைக்கு அடைச்சிருப்பீங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டா. பிரதீப்புக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. அத்தனை டிரைவருக முன்னாடி அவ அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அது அவளுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தவ நேராக் காட்டுக்குப் போனா. ஒரு கேரட்டைப் புடுங்கி முந்தானையில தொடச்சுக் கடிச்சுப் பாத்தா. இனிப்பு, வாடையே இல்ல. இன்னொண்ணைப் புடுங்கிக் குழித் தண்ணியில முக்கி எடுத்து மோந்தா. அதேதான். டீசலுன்னு சொன்னாரே, அந்த வாடை.

அப்ப ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடியே பிடிச்சிருக்கு.

குழியைக் குனிஞ்சு பாத்தா. தண்ணி மேல ஆடை மாதிரி மினுமினுன்னு, ஊதாவும் மஞ்சளுமா மெதந்துச்சு. மேல எவனோ வண்டி கழுவுறான்னு நெனச்சுக்கிட்டு வாய்க்கா வழியா ஓடைக்கு ஏறினா. திட்டுறதுக்கு வார்த்தையெல்லாம் வழியிலயே சேத்து வச்சுக்கிட்டா. ஓடையிலயும் அந்த மினுமினுப்பு கூடவே வந்துச்சு. காட்டு மேக்கு மூலை வந்ததும் நின்னுருச்சு. அதுக்கு மேல தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

மினுமினுப்பு நின்ன எடத்துல அவ கட்டின கயிறு தண்ணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஓடையோரக் கயிறெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. 'மழை கழுவிருச்சு, மழை கழுவிருச்சு'ன்னு மூணு வருசமாச் சொல்றா. கழுவினது எங்கிட்டுப் போச்சுன்னு ஒருநாளும் நெனைக்கல. முன்ன மேட்டுல கட்டினப்ப மண்ணுக்குள்ள போயிருக்கு, இப்ப ஓடையில கட்டவும் நேரா குழிக்கே வந்துருச்சு.

கயித்தை அவுத்தா பன்னி வரும். அவுக்காட்டி மண்டி இல்ல. யோசிச்சுக்கிட்டே காசிநாதன்கிட்ட வந்து, "நாளைக்கே மிச்சம் பூராவும் பறிச்சுருவோம்"ன்னா.

"இன்னும் பெருக்கணும்ல? வெரலு தண்டிதான இருக்கும்."

"வெரலு தண்டியா இருந்தாலும் வாடை இல்லாம இருக்கட்டும். பன்னிக்கு நேரம் குடுக்காம எடுத்துருவோம்."

"திடீர்னு என்ன?"

சொன்னா. அவரு சிரிப்பாருன்னு நெனச்சா, சிரிக்கல. "கயிறு கட்டும்போது குறுக்கால கம்பு நட்டது நான்தான"ன்னு மட்டும் சொல்லிட்டு அருவாளை எடுத்துக்கிட்டு ஓடைக்கு நடந்தாரு.

சாயங்காலத்துக்குள்ள அத்தனை கயித்தையும் அறுத்தாங்க. அதைப் போடத்தான் எடமில்ல. எரிச்சா ஊரே நாறும், பொதச்சா திரும்பத் தண்ணிக்கே போகும். உரச் சாக்குல திணிச்சு, வாயைக் கட்டிக் கொட்டகையில வச்சாங்க. திண்டுக்கல் ஆயில் வண்டிக்காரன் ஆயிலைத்தான் எடுப்பான், கயித்தை எடுப்பானோ என்னவோ. கழுவுற குழியில மேல் சேறு ஒரு சாண் அளவுக்கு வழிச்சு, அதையும் சாக்குல போட்டாங்க. கயிறு இருந்த எடத்துக்கு ரொம்ப மேல தள்ளி ரப்பர் ஓஸ் போட்டு, அந்தத் தண்ணியைத் தனியா குழிக்கு எறக்கினாங்க.

பிரதீப்பு மறுநாள் மூட்டை ஏத்த வந்தான். மொகத்தை உம்முனு வச்சிருந்தான்.

"ஏலே, ஒன் ஜீப்பு இல்ல. என் கயிறு" ன்னா வள்ளி.

"தெரியும் அத்தை. மாமா நேத்தே போன் பண்ணி சொல்லிட்டாரு."

"அப்பறம் எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"நல்லசாமி அண்ணன்கிட்டயும் நீங்களே சொல்லணும். அந்த டிரைவருக முன்னாடி."

"சொல்றேன், சொல்றேன். அதுக்கு முன்னாடி மூட்டையைத் தூக்கு."

பெருமாள்மலையில எறங்கினதும் தப்பு தன்னோடதுன்னு சொல்லிட்டா. நாலு டிரைவருக நின்னாங்க, அவங்க காதுல விழுற மாதிரியே சொன்னா. நல்லசாமி, "சரி தாயி, ஒரு டீ சாப்புடுங்க"ன்னாரு. அவ டீ குடிக்கல. லாரியில மூட்டையோட மூட்டையா ஏறி உக்காந்துக்கிட்டா. போன்ல கேக்குற மாதிரி இந்தச் சேதி இல்ல, நேர்ல பாத்துரணும்னு அவளுக்கு.

ஒட்டன்சத்திரத்துல தண்டாயுதபாணி மூட்டையை அவுத்தாரு. குனிஞ்சு மோந்தாரு. அடியில கையை விட்டு இன்னொரு கேரட்டை எடுத்து மோந்தாரு.

"சின்னச் சின்னதா இருக்கேம்மா. வெளஞ்சதா இல்லையா?"

"வாடை இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அவரு ஒண்ணை ஒடிச்சு வாயில போட்டுக் கடிச்சுக்கிட்டே, "ஊறுகாய் போடுறவங்க ரெண்டு பேரு சின்னதாத்தான் கேட்டாங்க, அவங்ககிட்ட தள்ளிவிட்டுப் பாக்குறேன்"ன்னு சொல்லிட்டு, அடுத்த மூட்டையை அவுக்கச் சொன்னாரு.