நாலு லாடமும்

அக்கா போனில் அதிகம் பேசவில்லை. "காலையில வந்து டீச்சரோட லாடத்தைக் கழட்டிக் குடுத்துடுடா. மேய்ச்சலுக்குப் போறா."

"பின்னால ரெண்டுதானே?"

"நாலும்னார்."

"யாரு, மேய்ச்சல்காரரா?"

"வேற யாரு?" என்று வைத்துவிட்டாள்.

டீச்சர் என்பது ஒரு குதிரை. அக்கா நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் பிள்ளைகள் முதன்முதலாக ஏறி உட்காருவது அவள் முதுகில்தான். கடிவாளத்தை முரட்டுத்தனமாக இழுத்தால் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக அக்கா மகள் வைத்த பெயர் அது. அவளும் டீச்சர் மேல் உட்கார்ந்து கற்றவள்தான். இப்போது வேலையாக வேறு ஊரில் இருக்கிறாள். குதிரையை நல்ல இடத்துக்குத்தான் அனுப்புவேன் என்று அவளிடம் அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள்.

பள்ளிக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பது நான். என் வேலையைப் பற்றி ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேய்ச்சலுக்கு விடுகிற குதிரைக்குப் பின்கால் லாடத்தைக் கழட்டிவிடுவோம். கூட்டத்தில் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டால் இரும்பு எலும்பை உடைத்துவிடும். முன்கால் லாடம் குதிரையைப் பொறுத்தது. டீச்சருக்கு முன்குளம்புகளுக்குள் நோய். அடியில் தோல் வைத்து, பின்பக்கம் மூடி, அவளுக்கென்றே நான் அடித்துக்கொடுத்த லாடம் அது. அது இல்லாவிட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் வலியில் அவளுக்கு வியர்த்துவிடும். விவரம் தெரியாமல் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

நான் போனபோது லாரி வாசலில் நின்றது. சுற்றிலும் பலகை அடைத்து, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. உள்ளே குதிரைகள் கால் மாற்றிக்கொண்டிருந்தன. பெட்டியைக் கையில் வைத்தபடி நின்று கேட்டேன். பலகைத் தரையில் லாடம் பட்டால் தெரு முழுக்கக் கேட்கும். இங்கே மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி மொத்தை மொத்தையாகச் சத்தம். ஒரு காலில்கூட இரும்பு இல்லை.

மேய்ச்சல்காரர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கசங்காத சட்டை, மெதுவான பேச்சு. குதிரையை வாங்குகிறேன், விற்கிறேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். கேட்டால், "மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பார். நாங்கள் வைத்த பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை.

"வாங்க தம்பி. உங்களுக்காகத்தான் வண்டி காத்துட்டு இருக்கு."

"வண்டி காத்துட்டு இருக்கா, வண்டியில இருக்கறதுங்களா?"

"ரெண்டும்தான்" என்று சிரித்தார்.

அக்கா டீச்சரை வெளியே கொண்டுவந்தாள். பிடரியை வாரிவிட்டிருந்தாள். குதிரை பார்க்க வருகிறவர்கள் முதலில் குனிந்து காலைப் பார்ப்பார்கள், பிறகு பல்லை. இவர் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து டீச்சரின் புட்டத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விலாவில் விரலை ஓட்டினார். "நல்லா வளர்த்திருக்கீங்கம்மா" என்றார். அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

பின்கால் லாடங்களைக் கழட்டினேன். பிறகு இடது முன்காலை என் தொடைக்கு நடுவே வைத்து, ஆணிகளை நிமிர்த்தி, குறடால் நெம்பினேன். லாடம் கையோடு வந்தது. காலைக் கீழே விட்டதும் அவள் அதை ஊன்றவில்லை. வெறும் நுனியால் தரையைத் தொட்டுக்கொண்டு, முழு பாரத்தையும் என் தோளில் சாய்த்தாள்.

"அக்கா, இந்தா பாரு. இது இப்படி எப்படி மேயும்?"

"அங்க மெத்தை மாதிரி புல்லும்மா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"அந்தப் புல்லு வரைக்கும் நடக்கணும்ல? வலது கால் லாடத்தையாவது விட்டுடறேன். இதையும் திரும்ப அடிச்சிடறேன்."

"வேணாம் தம்பி. இரும்போட போனா அங்க எடுத்துக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார். டீயை எடுக்கக் குனிந்தார். டம்ளர் காலி.

அக்கா தலைக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "மேய்ச்சல்ல யாருங்க எடுத்துக்க மாட்டாங்க? மாடா?"

அக்கா கயிற்றைக் கை மாற்றிக்கொண்டாள்.

"போன தடவை எங்க சாம்பல் குதிரையைக் கூட்டிட்டுப் போனீங்களே. அது எங்க இருக்கு?"

"மேய்ச்சல்லதான்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. என் குறட்டில் லாடம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"போய் நான் பார்க்கலாமா?"

இப்போதுதான் அவர் அக்காவை நேராகப் பார்த்தார். "இத்தனை நாள்ல அந்த இடம் எங்க இருக்குன்னு என்கிட்ட யாருமே கேட்டதில்லம்மா. நீங்களும் கேட்கல. எல்லாரும் கயித்தைக் கையில குடுத்துட்டு உள்ள போயிடுவாங்க. அழுதுட்டே போவாங்க, ஆனா போயிடுவாங்க. மேய்ச்சல்னு நானா சொன்னேன்? முதல்ல ஒரு அம்மா, மேய்ச்சலுக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அன்னையிலேர்ந்து அதையே சொல்றேன்."

"வெட்டுறதுக்குன்னு சொல்றதுதானே?" என்றேன்.

"சொன்னா குடுப்பீங்களா? குடுக்க மாட்டீங்க. தீனி போட முடியாம, விக்கவும் முடியாம, ஒரு நாள் ரோட்டோரத்துல அவுத்து விட்டுட்டு வருவீங்க. லாரி அடிச்சுக் கிடக்கிறதை நான் பார்த்திருக்கேன் தம்பி. டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டா ஒருத்தனுக்கும் உதவாம மண்ணுக்குள்ள போகும். நான் கூட்டிட்டுப் போனா எங்கயோ நாலு பேர் சாப்பிடுறாங்க. இதுல எது பாவம்னு நீங்களே சொல்லுங்க."

அக்காதான் பேசினாள்.

"பயணம் எவ்வளவு தூரம்?"

"தூரம்தான்."

"நடுவுல தண்ணி காட்டுவீங்களா?"

லாரிக்குள் ஏதோ ஒன்று பலகையை உதைத்தது. டீச்சர் காதை அந்தப் பக்கம் திருப்பினாள்.

கால்நடை டாக்டர் ஊசியைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார். வலி இனிக் குறையாது, இங்கேயே முடித்துவிடலாம் என்று. "என் வீட்டு வாசல்ல வேணாம் டாக்டர்" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மேய்ச்சல்காரருக்கு ஆள் சொல்லி அனுப்பியது.

"டாக்டரை வரச் சொல்லுடா" என்றாள் இப்போது. "அந்த லாடத்தைத் திரும்ப அடி."

"இனிமே எதுக்குக்கா?"

"பின்னால புல்தரை வரைக்கும் போகணும்ல? வலியில்லாம நடக்கட்டும்."

ஒரு மைதானத்தைக் கடப்பதற்காக மட்டும் நான் லாடம் அடித்தது அன்றைக்குத்தான். பழைய ஓட்டைகளிலேயே ஆணி இறங்கியது. அரத்தால் ஓரத்தைத் தேய்த்துவிட்டேன். தேவையே இல்லை. கை தானாகச் செய்தது. காலை விட்டதும் டீச்சர் அதை முழுதாக ஊன்றி, பெருமூச்சு விட்டாள்.

மேய்ச்சல்காரர் நாற்காலியை மடித்துச் சுவரோரம் வைத்தார். அவசரமே இல்லை. குதிரைக் கொட்டடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். சிவப்பனிடம் நின்றார். போன மழைக்காலத்திலிருந்து ஒரு பிள்ளையையும் ஏற்றிக்கொள்ள மறுக்கிற குதிரை அது. கதவுக்கு மேலாகக் கையை நீட்டி அதன் புட்டத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"கையை எடுங்க" என்றாள் அக்கா.

எடுத்துக்கொண்டார். "வண்டியில ஒரு இடம் காலியா இருக்கு, அதான் பார்த்தேன். பரவாயில்லம்மா. அடுத்த மாசமும் இந்தப் பக்கம் வருவேன்."

லாரி கிளம்பி மேட்டில் ஏறும்வரை அந்த மொத்தைச் சத்தம் கேட்டது.

டாக்டர் வந்தார். டீச்சர் புல்தரை வரை நொண்டாமல் நடந்தாள். அங்கே குனிந்து ஒரு வாய் புல்லைக் கடித்தாள். மென்று முடிக்கட்டும் என்று டாக்டர் காத்திருந்தார். அக்கா கயிற்றை என்னிடம் தரவில்லை, உள்ளேயும் போகவில்லை. விழும்போது தரை அதிர்ந்தது. கொட்டடியில் இருந்த குதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றுவிட்டன.

பிறகு நான் உட்கார்ந்து முன்கால் லாடங்களைக் கழட்டினேன். அக்காவின் போன் அடித்தது. மகள்.

"அம்மா, டீச்சர் போயிட்டாளா?"

"போயிட்டாடி."

"இடம் நல்லா இருக்காம்மா? போட்டோ அனுப்பச் சொல்றியா?"

அக்கா என் கையில் இருந்த இரும்பைப் பார்த்தாள். அப்படியே விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவள் சொன்னது பொய்யும் இல்லை.

"நீ நினைக்கிற மாதிரி போகலடி. செத்துட்டா. நம்ம புல்தரையில. ஊசி போடச் சொன்னது நான்தான். கயித்தை நான்தான் பிடிச்சிருந்தேன்."

மறுமுனையில் மகள் கேட்டது எனக்கும் கேட்டது. "அப்போ சாம்பல்?"

அக்கா போனைக் காதில் வைத்தபடியே நடந்து சிவப்பனின் கொட்டடிக் கதவு வரை போனாள். அது தலையை நீட்டி அவள் தோளை முகர்ந்தது. அவள் என் பக்கம் திரும்பி, போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"இவனுக்கு வயசு என்னடா ஆகுது?"

எனக்குத் தெரியும். "பல்லைப் பார்த்தாதான் தெரியும்க்கா" என்றேன்.