அலமாரிக்குள் ஓர் ஏரி

"காத்துன்னா என்ன காத்து?"

"காத்துன்னுதான் எழுதியிருக்காங்கப்பா. பத்தி முடியிற இடத்துல எல்லாம் காத்து அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருதாம். சரி பண்ணி அனுப்பணுமாம்."

"ஜன்னலை இறுக்கிச் சாத்தினோம். ஃபேனை நிறுத்திட்டு வெந்து போனோம். காத்து வந்திருந்தா நான் கொஞ்சம் வாங்கியிருக்க மாட்டேனா?"

"கேலி பண்ணாதீங்கப்பா. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவதும் திரும்பி வந்தா பேரை எடுத்துடுவாங்க."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, மனைவியின் முகத்தையும் அவள் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவன் லேத்துப் பட்டறையில் இரும்பு கடைகிறவன். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவன் குரலுக்கு ஒரே அளவுதான் என்று ஆகிவிட்டது. ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும். பட்டறையில் அவனுக்குச் சங்கு என்று பேர் வைத்தார்கள். பேர் அங்கேயே நிற்காமல் அவன் பின்னாலேயே வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தப் பட்டறையில் பாதி நாள் இயந்திரம் ஓடுவதில்லை. துறைமுக ஊரில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் இருக்கும் அவனுடைய அண்ணன், "கிளம்பி வந்துடு, இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். போனால் தனியாகத்தான் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை வீட்டை எட்டிப் பார்க்கலாம். சங்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டான்.

மனைவி காலையில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருந்தாள். வலியோடு போன் செய்கிறவர்களிடம் அவள் பேசுகிற விதத்தைக் கேட்ட ஒரு பெண்தான், "இந்தக் குரலை வெச்சுக்கிட்டு ஏன் சும்மா இருக்கே?" என்று சொல்லி, புத்தகங்களை ஒலியாக்கி விற்கிற நிறுவனம் ஒன்றைக் காட்டிவிட்டாள். வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம். வேலை நிலைத்துவிட்டால் பட்டறையில் குறைவதை இது நிரப்பிவிடும்.

"இது மட்டும் நிலைச்சுடுச்சுன்னா நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேரும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள், படுத்தார்கள்.

வேலையில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரே புத்தகத்தைத் துண்டு துண்டாக்கிப் பல ஊர்களில் இருக்கும் பலருக்குக் கொடுத்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும், கேட்கிறவர்களுக்கும் குரல் மாறி மாறி வரும். ஆனால் வாசிக்கிறவருக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. குருடர்கள் யானையைத் தடவிய கதைதான். "நமக்கு வந்தது யானையோட வயிறு" என்றார் மாமனார்.

வாசிப்பதற்குச் சத்தமில்லாத இடம் வேண்டுமே. அந்த வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை. கடைசியில் துணி அலமாரிதான் கை கொடுத்தது. உள்ளே தொங்குகிற துணிகள் எதிரொலியை எல்லாம் குடித்துவிடும் என்று நிறுவனத்துக்காரர்களே எழுதியிருந்தார்கள். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலியைப் போட்டார்கள். அவள் மைக்கோடு உள்ளே போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். ஆனால் அலமாரிக் கதவு சாத்தினால் நிற்காது. தாழ்ப்பாள் போய் வெகு நாளாகிறது. நாற்காலியை முட்டுக் கொடுத்தாலும் விரல் நுழைகிற இடைவெளி விட்டது. அதனால் சங்கு தரையில் உட்கார்ந்து முதுகால் கதவை அழுத்திக்கொண்டான். கதவு அசையவில்லை.

முதல் தடவை ஃபிரிட்ஜின் ரீங்காரமும் மாடி வீட்டுத் தையல் மெஷினும் பதிவாகிவிட்டன. ஃபிரிட்ஜைப் பிடுங்கிப் போடலாம். தையல் அக்காவிடம் யார் பேசுவது? சங்குதான் போனான்.

"உன் பொண்டாட்டி படிக்கிறதுக்காக நான் மெஷினை நிறுத்தணும், அதானே? நிறுத்துறேன். முதல்ல நீ உன் வாயை நிறுத்து. படியேறி வர்றதுக்குள்ள நீ என்ன கேக்க வந்தேன்னு பக்கத்து வீடு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

அப்படியெல்லாம் வழி செய்து அனுப்பிய இரண்டாவது பதிவுக்குத்தான் இப்போது இந்தக் காற்று.

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு அவள் புருவம் ஏறியது. பின்னுக்குத் தள்ளி மறுபடியும் கேட்டாள். கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள்.

"இங்க வாங்க."

ஹெட்போனை அவன் காதில் வைத்தாள். அவள் குரல் ஒரு பத்தியை வாசித்து மெல்ல இறங்கி நின்றது. அதன் பின்னாலேயே, தூரத்தில், நீளமாக ஒன்று வந்தது.

"யாரோ பாரம் இழுத்த மாடு மாதிரி மூச்சு விடுறாங்க" என்றான் சங்கு.

மாமனார் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, அந்த மாடு நம்ம வீட்டு மாடுதான்."

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. சங்குவுக்கு முகம் சுண்டிப்போனது. தன்னை ஊரைவிட்டு அனுப்பாமல் இருக்கத்தான் அவள் அந்தப் புழுக்கத்தில் முடங்கிக் கிடக்கிறாள். அதைக் கெடுத்தது தன்னுடைய மூச்சு.

"மூச்சு விடாதீங்கன்னு நான் சொல்லல" என்றாள் மனைவி. "ஆனா இது சும்மா விடுற மூச்சு இல்லியே. ஏன் இப்படி விட்டீங்க?"

அவன் யோசித்தான்.

"நீ ஒரு பத்தியைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு விடணும்னே தோணல. முடிஞ்சப்புறம்தான் ஞாபகம் வருது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதையில அத்தனை பேரும் வாயைத் திறக்காம நடக்கிறாங்க. நான் மட்டும் எப்படிம்மா..."

சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்தோடு புத்தகத்துக்கும் அவனுக்கும் இருந்த உறவு முடிந்திருந்தது. முதல் நாள் கதவில் சாய்ந்து உட்கார்ந்தபோது, கதவுக்குப் பூட்டாக இருப்பதுதான் தன் வேலை என்று நினைத்தான். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் தொடங்கினாள். எதிர்த்த கடையில் மீதிச் சில்லறை கேட்கிற குரல் அல்ல அது, அவனை எழுப்புகிற குரலும் அல்ல. யாருடைய குரல் என்றே தெரியவில்லை. அது அவனை ஒரு ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனது.

வடக்கே எங்கோ ஒரு நாடு. ஏரி முழுவதும் உறைந்து கிடக்கிறது. இக்கரையில் இருந்த ஊர் அக்கரைக்குக் குடிபெயர்கிறது. கதவுகள் போய்விட்டன, அடுப்புகள் போய்விட்டன, தொட்டில்கள் போய்விட்டன. கடைசியாக மிஞ்சியது ஊரின் மணி. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் வெண்கல மணி. அதைச் சறுக்குவண்டியில் ஏற்றி, இருபுறமும் கயிறு பிடித்து, ஊரே பனிக்கட்டியின் மேல் நடக்கிறது. மணியின் நாக்கைக் கம்பளியால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு முறை அடித்தாலும் அந்த அதிர்வில் பனி பிளந்துவிடலாம் என்று பயம். யாரும் பேசுவதில்லை. கைக்குழந்தைகள்கூட எதையோ உணர்ந்து அம்மாக்களின் தோளில் விழித்துக்கொண்டு கிடக்கின்றன. காலடியில் பனி கண்ணாடியாகத் தெளிந்த ஓர் இடத்தில், மீன்கள் அசையாமல் தூங்குவது தெரிகிறது. அத்தனை பேரும் குனிந்து பார்க்கிறார்கள், மீன்களை எழுப்பிவிடாதபடி நடக்கிறார்கள். நடு ஏரிக்கு வந்ததும், முன்னால் போகிற பெண் கையைத் தூக்குகிறாள். கீழே, வெகு ஆழத்தில், ஏரி ஒரு முறை முனகுகிறது. எல்லோரும் நிற்கிறார்கள்.

அங்கே அவளுக்குக் கொடுத்த துண்டு முடிந்துவிடும்.

"நான் வேணா கதவைப் பிடிச்சுக்கட்டுமா?" என்றார் மாமனார். அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வேண்டாம். என் இருமல் வந்தா, காத்து இல்ல, புயல்னு எழுதிடுவாங்க."

"கயிறு கட்டிப் பார்ப்போமா?" என்று அவரே கேட்டார்.

"கயிறு கிறீச்சுங்குதுப்பா, பார்த்தாச்சு."

சங்கு எழுந்து போய்ப் பையைக் குடைந்தான். பட்டறையில் கொடுத்திருந்த காதடைப்பை வெளியே எடுத்தான். தலைக்கு மேலே வளைந்து இரண்டு காதையும் கிண்ணம்போல் மூடுகிற சாதனம். புதுக்கருக்கு மாறாமல் இருந்தது.

"கேட்டாத்தானே மூச்சு முட்டுது. கேக்காம இருந்துட்டா?"

அதைச் சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. மனைவி கவனித்தாள். "பரவாயில்லையா?" என்றாள்.

"உள்ள போ. தையல் அக்கா மெஷினை நிறுத்திட்டாங்க."

ஃபிரிட்ஜைப் பிடுங்கினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை மாமனார் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துண்டின் நுனியை வாயில் கடித்தபடி நாற்காலியில் அமர்ந்தார். அவள் உள்ளே போனாள். சங்கு காதடைப்பை மாட்டிக்கொண்டு முதுகைக் கதவில் பதித்துக் கண்ணை மூடினான்.

உலகம் அணைந்துவிட்டது. தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல் மட்டும் காதுக்குள் கேட்டது. இனி சும்மா கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தால் போதும் என்று நினைத்தான்.

அப்போது முதுகில் ஏதோ ஊர்ந்தது.

பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. மிக மெல்லிய அதிர்வு. லேத்தில் கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது, இரும்பு எப்படி அறுபடுகிறது என்று கண்ணால் பார்க்காமலே உள்ளங்கைக்குத் தெரியும். அதுபோல அவள் குரல் மரத்துக்குள் புகுந்து அவன் முதுகெலும்பில் ஏறிக்கொண்டிருந்தது. சொற்கள் இல்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது. இப்போது மணியை ஏற்றுகிறார்கள். இப்போது கம்பளியைச் சுற்றுகிறார்கள். இந்தச் சின்னச் சின்ன நடுக்கம் கயிறு பிடித்தவர்களின் முதல் அடிகள். குரல் தணிந்து நிற்கிற இடத்தில் பத்தி முடிகிறது. நெஞ்சில் மூச்சு திரண்டு வந்தது. அதை மூக்கின் வழியாக, நூல் பிரிப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

கண்ணைத் திறந்தான். அறை அவனுக்குப் புதிதாக இருந்தது. ஃபேனின் இறக்கைகள் நின்றிருந்தன. கடிகார முள் ஓர் இடத்தில் உறைந்திருந்தது. மூடிய ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் வெயில் வெள்ளையாக, அடர்த்தியாக, பனியைப்போல் நின்றது. மாமனார் துண்டைக் கடித்துக்கொண்டு, கண்கொட்டாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலுக்குக் கீழே ஏதோ தெரிவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் தையல் அக்கா மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்று சங்குவுக்குத் தோன்றியது. ஒரு பெண் வாசிப்பதற்காக இத்தனை பேர் அசையாமல் இருக்கிறார்கள். இவர்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மீன்கள் வந்தன. குரல் அங்கே கிட்டத்தட்ட இல்லாமல் போகும். முதுகை இன்னும் அழுத்தினால்தான் தெரிந்தது. பிறகு அந்தப் பெண் கையைத் தூக்கினாள். ஏரி முனகியது. அந்த முனகல் அவன் விலா எலும்புகளுக்குள் ஓடி அடங்கியது.

பலகை அமைதியானது.

அவன் காதடைப்பைக் கழற்றவில்லை. உள்ளிருந்து கதவைத் தட்டுவாள் என்று காத்திருந்தான். தட்டவில்லை. வெகு நேரம் கழித்து, முதுகை எடுத்து மெல்லத் திரும்பினான். கதவு தானாகத் திறந்துகொண்டது. துணிகளுக்கு நடுவில், வேர்வையில் நனைந்த நெற்றியோடு, பதிவை நிறுத்திவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்த நடு ஏரியிலேயேதான் நின்றுகொண்டிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அவனும் அலமாரி வாசலில் அப்படியே உட்கார்ந்தான்.

இரண்டு நாள் கழித்து மத்தியானத்தில் போன் வந்தது. நிறுவனத்தின் மேற்பார்வையாளர். மூன்று பேரும் கேட்கும்படி மனைவி போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேட்டுட்டேன்மா. ரொம்பச் சுத்தமா வந்திருக்கு. ஸ்டுடியோவில எடுத்தீங்களா என்ன?"

"இல்லைங்க மேடம். வீட்லதான்."

"உங்களை நிரந்தர வாசிப்பாளர் வரிசையில சேர்த்துட்டோம். இனிமே மாசா மாசம் வேலை வரும்."

மனைவி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "உங்க அண்ணனுக்கு இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் தலையை ஆட்டினான்.

"அடுத்தது இன்னைக்கே அனுப்புறேன்" என்றது போன். "உரம் தயாரிக்கிற முறைகள் பத்தி ஒரு புத்தகம். நடுப் பகுதி உங்களுக்கு."

"உரத்துக்குமா நடுப் பகுதி?" என்று மாமனார் முணுமுணுத்தார். "பாதி மக்கினது நமக்கு."

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

"இல்ல மேடம், ரொம்ப..."

சங்கு எழுந்து வந்து மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். கத்திவிடப்போகிறானே என்று மனைவி பதறிக் கண்ணைக் காட்டினாள். ஆனால் அவன் பேசியது, அந்த வீட்டில் யாரும் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், காற்றுக்கும் கீழே இருந்தது.

"மேடம், நான் அவங்க வீட்டுக்காரர். அந்த மணிக் கதையோட அடுத்த பகுதி யார்கிட்ட இருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாது சார். எனக்கே முழுசாத் தெரியாது. ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொருத்தர் பார்ப்போம்."

"பேரெல்லாம் வேண்டாம் மேடம். கதையும் முழுசா வேண்டாம்." அவன் மூச்சை எடுத்துக்கொண்டான். "நடு ஏரியில அத்தனை பேரும் குழந்தைங்களோட நின்னுக்கிட்டிருக்காங்க. பட்டறையிலயும் என் கண்ணு முன்னாடி நிக்கிறாங்க, பஸ்ஸில போனாலும் நிக்கிறாங்க. அதை வாசிக்கிறவங்களைக் கேட்டு, அவங்க கரை சேர்ந்தாங்களான்னு மட்டும் எனக்குச் சொல்லுங்களேன்."